பென்சிலால் கீறிய முகம்

சென்ற மாதம் புத்தளத்துப் படப்பிடிப்புச் சங்கத்திலிருந்து நாலு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். ஆளுக்கொரு கமெரா கழுத்தில் தொங்கியது. ஒரே சுருளில் முப்பத்தாறு படம் எடுக்கலாமாம், கலரிலும் எடுக்கலாமாம். தேத்தண்ணி குடித்து முடிந்ததும், அவர்களில் பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கும் ஒருவர் மெல்லக் கேட்டார்.

"சேர், நாங்க ஒவ்வொரு நாளும் காணுற சாமானுகள்ளயே கலைய எப்பிடிக் கண்டுபிடிக்கிற? நீங்க அந்தக் காலத்துலயே செஞ்சிருக்கிறீங்க. அதப் பத்தி எங்கட சங்க மலருக்கு ஏதாச்சும் எழுதித் தரோணும்."

சொல்லிவிட்டு, பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றிலிருந்து கிழித்த பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். யன்னலோரம் குனிந்திருக்கும் ஒரு இளந்தாயின் படம். அவளுடைய நெற்றியிலும் கன்னத்திலும் கைவிரல்களிலும் மட்டும் வெளிச்சம் பட்டிருந்தது. கீழே என் பெயரைப் பிழையாக அச்சடித்திருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பியதும் இல்லை.

"என்ன ஒரு வெளிச்சம் சேர்!" என்றார் இன்னொருவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்தவர்கள் மேல் என்ன கோபம், பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுதியிருக்கிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

எங்கள் வாப்பாவுக்கு உப்புத் தரகு. எனக்கு அந்தத் தொழில் ஏறவில்லை. பதினெட்டு வயதில் பஸ்தியான் மாஸ்டரின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அப்போது புத்தளத்தில் இருந்தது அந்த ஒரு ஸ்டூடியோதான். முதல் இரண்டு வருஷம் தட்டுக் கழுவினேன், மருந்து கலந்தேன், கமெராவின் மூன்று கால்களையும் தோளில் சுமந்தேன். எங்கள் ஊர்க் கிணறுகளில் பாதி உவர். உவர்த் தண்ணீரில் கழுவிய படம் ஆறு மாதத்தில் மஞ்சள் பூத்துவிடும். அதனால் நல்ல தண்ணீர் பீப்பாய் வண்டியில் வரும். வந்தால் முதலில் படத்துக்கு, மிஞ்சினால்தான் எங்கள் தொண்டைக்கு. இப்படியே ஐந்தாறு வருஷம் ஓடியது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

உம்மாவுக்கு நான் செய்த தொழில் கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை. "உருவம் கீறுறவன்ட்ட மறுமையில, நீ கீறினதுக்கு உசிரக் குடு எண்டு கேப்பாங்க மகன். நீ எங்க போவ உசிருக்கு?" என்பார். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரிப் பதில் சொல்வேன். "நான் எங்க உம்மா கீறுறன்? வெயில்தானே கீறுது. நான் கமெரா மூடியக் கழட்டுறன், திரும்ப மூடுறன், அவ்வளவுதான்."

பஸ்தியான் மாஸ்டர் சிலாபத்துப் பக்கத்துக் கத்தோலிக்கர். மெலிந்த மனிதர். எந்த வெக்கையிலும் கோட்டுப் போட்டிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. படம் பதியும் கண்ணாடி பிளேட் ஒன்றைக் கழுவி முடித்ததும் யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் "ம்" என்பார். சரியில்லாவிட்டால் "திரும்ப எடு" என்பார். ஏன் என்று சொல்ல மாட்டார், நான் கேட்கவும் மாட்டேன். அந்த "ம்" ஒன்றுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஸ்டூடியோவின் பின் திரையில் ஒரு மாளிகைப் படிக்கட்டும் இரண்டு அன்னமும் வரைந்திருந்தது. உப்பு வாய்க்காலில் வேலை செய்கிறவர், கை எட்டாத ஸ்டூடியோக் கோட்டை மாட்டிக்கொண்டு அந்தப் படிக்கட்டுக்கு முன்னால் விறைத்துப்போய் நிற்பார். எனக்கு அந்தத் திரையைக் கண்ணில் காட்டக் கூடாது. மாஸ்டரோ, "அவர் காசு குடுக்கிறது மாளிகையில நிக்கிறதுக்கு. உப்பிலதான் ஒவ்வொரு நாளும் நிக்கிறாரே" என்று முடித்துவிடுவார்.

ஒருமுறை முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளைப் படமெடுக்க என்னையும் கத்தோலிக்கக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பக்கச் சுவரில், எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த ஒரு பெரிய ஓவியம் மாட்டியிருந்தது. இருட்டுக்குள் ஒரு பெண், ஒரு பக்கத்தால் மட்டும் வெளிச்சம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "இத எப்பிடிக் கீறினான் மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர், "அவன்ட வீட்டுல யன்னல் ஒண்டுதான் இருந்திருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு ஓய்வு கிடைத்த பின்னேரங்களில் அந்தக் கோவிலுக்குள் போய், அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். சோனகப் பொடியன் கிறிஸ்தவ வேதத்துக்குச் சேரப்போகிறான் என்று கதை கிளம்பி, வாப்பாவின் காது வரைக்கும் போய், எனக்கு நல்ல அடியும் விழுந்தது. ஆனால் கண் பழகிவிட்டது. உம்மா மா அரிக்கும்போது, உப்புக் கும்பிகளில் பின்னேர வெயில் சரியும்போது, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் இறங்குதுறையில் திரும்பி நிற்கும்போது, அந்தப் பக்கத்து வெளிச்சம் எல்லா இடத்திலும் எனக்குத் தெரிந்தது. அன்றாடத்தில் கலை என்று அந்த ஆசிரியர் கேட்டாரே, அந்த வியாதி எனக்கு இப்படித்தான் தொற்றியது.

மாஸ்டர் அதைத் தடுக்கவில்லை. மாதத்துக்கு ஒரு பிளேட் எனக்கென்று தந்தார். "உன்ட விருப்பத்துக்கு எடு. ஆனா மத்தவங்கட பிளேட்டுல உன்ட விருப்பத்த எடுக்காத" என்றார். இதைவிட நேராக எந்த மனிதரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

எங்கள் கரையில் கத்தோலிக்க வீடுகளில் மையத்துக்கு, செத்த உடம்புக்கு, படமெடுப்பார்கள். உயிரோடு இருக்கும்போது கமெராவுக்கு முன்னால் ஒரு நாளும் நிற்காத சனம்தான் அநேகம். செத்த பிறகுதான் முதல் படம், அதுதான் கடைசிப் படமும். மாஸ்டர் அதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். சவப்பெட்டியை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து, தலைமாட்டுப் பக்கத்தைக் கதிரையில் உயர்த்தி வைக்க வேண்டும். முகத்து வலையை எடுத்துவிட வேண்டும். நிழல் விழும் பக்கத்தில் இரண்டு பேர் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துப் பிடித்தால், வெயில் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். யாரையும் அழாதீர்கள் என்று சொல்லக் கூடாது. கையைத் தூக்கும்போது மட்டும் மூச்சைப் பிடியுங்கள் என்று சொல்ல வேண்டும். மரச் சட்டத்துக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு பிளேட் இருக்கும். முதலாவது முகத்துக்கு, தனியே. இரண்டாவது குடும்பத்தோடு.

"முகம் முதல்" என்பார் மாஸ்டர். "மத்தது எல்லாம் பொறகு. அடக்கிப்போட்டு வந்து முகத்தக் கேட்டா நாங்க எங்க போற?"

இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, ஒரு கச்சான் காலம். மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் அந்த மாதங்களில் எங்கள் பக்கத்து மீனவர்கள் வள்ளத்தையும் வலையையும் கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் கரையில் வாடிக் குடிசை போட்டுத் தொழில் செய்யப் போய்விடுவார்கள். ஐப்பசியில்தான் திரும்புவார்கள். அந்த நேரம் மாஸ்டர் மலேரியாக் காய்ச்சலோடு படுத்திருந்தார். கொழும்பிலிருந்து வரவேண்டிய பிளேட் பெட்டியும் வந்து சேரவில்லை.

காலை ஏழு மணிபோல, மிக்கேல் என்று ஒருவர் களப்புக் கடலை வள்ளத்தில் கடந்து வந்து ஸ்டூடியோ வாசலில் நின்றார். கற்பிட்டிப் பக்கத்துக் கரையோரக் கிராமம். அவருடைய மச்சான் யாக்கோபுவின் குழந்தை, பெண் குழந்தை, பிறந்து ஐம்பது நாள்கூட ஆகவில்லை, முந்தின நாள் பின்னேரம் காய்ச்சலில் போய்விட்டது.

"யாக்கோபு வாடியில" என்றார். "புள்ள பொறந்தது அவன் போன பொறகு. இன்னும் அவன் கண்ணால காணல்ல. தந்தி அடிச்சும் அவன் வந்து சேர நாலஞ்சு நாளாகும், அதுவரைக்கும் வச்சிருக்கேலாது. பின்னேரம் அடக்கம். முகத்தயாவது படத்துல காட்டோணும் தம்பி, அவனுக்கு."

மாஸ்டர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, இருந்த இரண்டு பிளேட்டையும் தன் கையாலேயே இருட்டறையில் சட்டத்தில் போட்டுத் தந்தார். "முகம் முதல், ஹனிபா" என்றார்.

மிக்கேலோடு வள்ளத்தில் களப்பின் நடுவில் போகும்போது வெயில் பாய்மரத்துப் பாய்க்குப் பின்னால் வந்தது. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத் தைத்த பாய். பழைய துண்டுகள் மண்ணிறம், புதிய துண்டுகள் வெள்ளை, ஒவ்வொன்றுக்குள்ளாலும் ஒவ்வொரு விதமாக வெளிச்சம் வடிந்தது. அதற்குக் கீழே வள்ளக்காரர் கால்மடித்து உட்கார்ந்திருந்தார். அந்த மாதத்துக்குரிய என் பிளேட்டை நான் முன்னமே முடித்துவிட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு பிளேட்டில் முகத்தையும் குடும்பத்தையும் சேர்த்து எடுத்தால் போச்சு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கமெராவைப் பிரித்தேன்.

மிக்கேல் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க எடுக்கத்தானே தம்பி அது?"

"இது சும்மா, மெசின் சரியா எண்டு பாக்கிறதுக்கு" என்றேன். பொய். அந்தப் பிளேட்டில் பிறகு ஒன்றும் வரவும் இல்லை. வள்ளம் ஆடியதில் எல்லாம் கலங்கிக் கிடந்தது.

வீட்டில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. வாசலுக்கு வெளியே கதிரை போட்டு, வெள்ளைத் துணி ஒட்டிய சிறிய பெட்டியைத் தயாராக வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்க இரண்டு ஆண்கள் கேட்காமலே வந்து நின்றார்கள். எங்கள் ஒழுங்கு அந்தக் கரை முழுவதும் தெரிந்த ஒழுங்கு. ஆனால் குழந்தை பெட்டிக்குள் இல்லை. தாய் கொடுக்கவில்லை.

அவள் பெயர் திரேசம்மா. இருபது வயது இருக்கும். உள் அறையில், ஒரு சிறிய யன்னலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக் குனிந்துகொண்டிருந்தாள். அறை முழுவதும் இருட்டு. யன்னலால் வந்த வெளிச்சம் அவளுடைய நெற்றியில் விழுந்து, கன்னத்தில் இறங்கி, குழந்தையைச் சுற்றியிருந்த கைவிரல்களில் முடிந்தது. நான் வாசற்படியில் நின்றுவிட்டேன். கோவில் சுவரில் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை அல்லாஹ் எனக்கு உயிரோடு கொண்டுவந்து காட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

மிக்கேலின் மனைவி, "புள்ளய வாங்கிப் பெட்டியில வச்சுத் தாறன் தம்பி. வெளிய வெளிச்சத்துல எடுங்க" என்றார்.

"வாணாம் ராத்தா. இங்கயே நல்லா இரிக்கு" என்றேன்.

கமெராவை வாசற்படியில் நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். அந்தத் துணிக்குள் போனால் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வெளியே கேட்கும் அழுகையும் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். தொழிலுக்கு அது வசதி. எனக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. அவளுடைய தலை நிழல் எங்கே விழுகிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

அப்போது அவள் தலையைத் தூக்காமலே, அண்ணன் என்ற முறையில் என்னை நானா என்று அழைத்துக் கேட்டாள். "நானா, புள்ளைட முகத்தக் கொஞ்சம் உங்கட பக்கம் திருப்பவா?"

"வாணாம். அப்பிடியே இரிங்க. அசையாதீங்க" என்றேன்.

இந்த வார்த்தைகளை நான் எத்தனை ஆயிரம் முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவள் கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். மூடியைக் கழற்றி எட்டு எண்ணும் வரைக்கும் அவள் அசையவில்லை. சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

மூடியைப் போட்டதும் மிக்கேலின் மனைவி, "புள்ளைட முகம் விழுந்திச்சா தம்பி?" என்று கேட்டார்.

"விழுந்திச்சு."

"வெளியில, பெட்டியோட இன்னொண்டு?"

"ஒண்டு போதும் ராத்தா."

வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேரும் அதை மடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பங்குச் சுவாமியார் வந்தார். கோவில் மணி அடித்தது. பெட்டியை மூடிவிட்டார்கள்.

மறுநாள் விடிய இருட்டறையில் பிளேட்டைக் கழுவினேன். பிளேட்டில் எல்லாம் மாறித்தான் தெரியும். வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும், நிழல் வெறும் கண்ணாடியாக நிற்கும். தாயின் நெற்றி வந்தது, கன்னம் வந்தது, விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். குழந்தை இருந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் மருந்தில் வைத்துப் பார்த்தேன். வரவில்லை. துணிச் சுற்றலின் ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. அதற்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், துடைத்துவிட்டது போன்ற சுத்தமான கண்ணாடி.

பிளேட்டைத் தாளின் மேல் வைத்து வெயிலில் ஒரு படம் போட்டு, மாஸ்டரின் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு எழும்பி உட்கார்ந்து, நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல படம்" என்றார்.

ஏழு வருஷத்தில் முதல் முறை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரம் செத்த குழந்தை என் நினைவிலேயே இல்லை.

"புள்ள எங்க?" என்றார்.

நிழலில் முகம் விழவில்லை என்றேன். அவர் திட்டவில்லை. பாய்மர விஷயத்தையும் நானே சொன்னேன். அதற்கும் திட்டவில்லை. படத்தைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்: "போய் அந்தப் புள்ளைட்ட உண்மையச் சொல்லு. முகம் வரல்ல, என்ட பிழை எண்டு சொல்லு. இல்லாட்டி இருந்து கீறு. ரெண்டுல ஒண்டத்தான் செய்யலாம். கீறினாப் பொறகு ஒரு நாளும் சொல்லேலாது."

மூன்று நாள் இழுத்தடித்தேன். களப்புக் கரை வரைக்கும் இரண்டு முறை போய்த் திரும்பினேன். வள்ளத்தில் ஏறக் கால் வரவில்லை. நாலாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு கீற உட்கார்ந்தேன்.

பிளேட்டில் பென்சில் பிடிப்பதற்கு ஒரு பிசின் எண்ணெயை மெல்லிய துணியால் பூச வேண்டும். சாய்ந்த மேசையில் பிளேட்டை நிறுத்தி, கீழே ஒரு கண்ணாடியை வைத்து வெளிச்சத்தைத் திருப்பி, ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட வேண்டும். சுருக்கம் எடுப்பது, செத்தவர்களுக்குக் கண் திறந்து வைப்பது எல்லாம் இந்த வேலைதான். எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அவையெல்லாம் இருக்கிற முகங்கள். இங்கே இருந்தது வெறும் கண்ணாடி. கூடப்பிறந்த என் ராத்தாவின் மகன் அப்போது மூன்று மாதக் குழந்தை. அவன் தூங்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். வந்து கீறுவேன். அவனுடைய இமை, அவனுடைய மேலுதடு. உம்மாவுக்கு நான் சொன்ன கெட்டிக்காரப் பதில் ஒவ்வொரு புள்ளியிலும் என் முகத்தில் அடித்தது. இந்த முறை வெயில் கீறவில்லை, நான்தான் கீறினேன்.

முடிந்ததும் மாஸ்டரிடம் காட்டினேன். பிளேட்டை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ம்" என்றும் சொல்லவில்லை, "திரும்ப எடு" என்றும் சொல்லவில்லை.

கீறுவதற்கு முன்னால் போட்ட அந்த முதல் படம் மேசையில் கிடந்தது. அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த வெள்ளைக்காரத் துரை ஒருவருக்குக் கமெராவில் பைத்தியம். அவர் ஒரு நாள் வந்து அதைக் கண்டு, கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எனக்கும் அது கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது. அவர் அதைக் கொழும்பில் எங்கோ மாட்டி, சஞ்சிகையிலும் போடுவித்து, என்னைத் தேடி வந்து கைகுலுக்கினார். சங்கத்து ஆசிரியர் கொண்டுவந்தது அந்தப் பக்கத்தைத்தான். அந்த வெளிச்சத்தைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐப்பசியில் யாக்கோபு வந்தார். வாடியிலிருந்து திரும்பியதும், வீட்டில் ஒரு இரவு தங்கி, மறுநாளே மனைவியைக் கூட்டிக்கொண்டு நேரே ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். தகப்பன் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று அதுவரைக்கும் ஒருவரும் படத்தை வாங்க வரவில்லை. வெயிலில் கறுத்த, உயரமான மனிதர். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோவிலுக்குள் நிற்பதுபோல் நின்றார்.

படத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மனைவியின் பக்கம் திருப்பினார்.

"இவதானா?" என்றார்.

திரேசம்மா குனிந்து பார்த்தாள். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. என்னை யாரென்று கேட்பது போன்ற ஒரு பார்வை. மாஸ்டர் மூலையில் நின்றபடி கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றாள். "இதுதான் எங்கட புள்ள."

யாக்கோபு ஓவென்று அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுது நான் கண்டதில்லை. "மேலுதட்டப் பாரு, என்ட அம்மாட உதடு" என்று அவளுக்குக் காட்டிக் காட்டி அழுதார். அவள் "ஓம், ஓம்" என்று அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். போகும்போது அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். அவர் கையை விடும் வரைக்கும் நான் மூச்சுவிடவில்லை.

அதற்குப் பிறகும் நான் தொழில் செய்தேன். யுத்தம் வந்தது, பிளேட் கிடைக்காமல் போனது, திரும்பக் கிடைத்தது. மாஸ்டர் மௌத்தாகி, அடக்கம் முடிந்து, ஸ்டூடியோ என் கைக்கு வந்தது. என் விருப்பத்துக்கென்று மட்டும் நான் ஒரு படமும் எடுக்கவில்லை. அன்னமும் படிக்கட்டும் வரைந்த திரைக்கு முன்னால் ஆட்களை நிறுத்தி எடுத்தேன். நாலு பேருக்கு நல்ல முகம் கொடுத்தேன்.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லா இடமும் கதைத்துக்கொண்டிருந்த நாட்கள். ஒரு மத்தியானம், கறுப்புச் சீலை உடுத்த பெண் ஒருத்தி ஸ்டூடியோவுக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தாள். முடி முன்னால் நரைத்திருந்தது. என்ன படம் வேண்டும் என்று கேட்ட பிறகுதான் கண்களைக் கண்டு ஆளை அடையாளம் பிடித்தேன்.

"அவர் போன மாசம் போயிட்டார் நானா" என்றாள் திரேசம்மா. "நெஞ்சு வருத்தம்."

நான் என்னென்னவோ சொன்னேன். அவள் கையால் அதை நிறுத்தினாள்.

"அந்தப் படத்த அவர்ட பெட்டியில வச்சு அனுப்பிட்டன். அது அவர்ட புள்ள. பத்து வருஷமா ஒவ்வொரு நாளும் அதுக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்தினவர். நானும் கூட நிண்டன். கூட நிண்டு நிண்டு, இப்ப கண்ண மூடினா நீங்க கீறின முகந்தான் வருது. என்ட புள்ளைட முகம் எனக்கு வருதில்ல நானா."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். பத்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். பாய்மரத்தைச் சொன்னேன். அவள் குழந்தையின் முகத்தைத் திருப்பவா என்று கேட்டதையும், நான் வேண்டாம் என்றதையும் சொன்னேன்.

"எனக்கு அது தெரியுந்தானே" என்றாள். "நான் அதுக்கு வரல்ல. நீங்க கீறாத படம் ஒண்டு எனக்கு வேணும்."

"அதுல முகம் இல்ல திரேசம்மா. வெறும் இருட்டு."

"புள்ள அதுக்குள்ளதானே இருந்திச்சு" என்றாள்.

பிளேட்டைத் தேடி எடுத்தேன். பஞ்சில் டர்பன்டைனைத் தொட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இடத்தைத் துடைத்தேன். பென்சில் கரைந்து பஞ்சில் ஒரு சாம்பல் கறையாக வந்தது. முதலில் உதடு போனது, பிறகு இமை, பிறகு எல்லாம். காயவைத்து, வெயிலில் ஒரு படம் போட்டேன். நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவினேன். அவள் பின்னேரம் வரைக்கும் அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

படத்தை வாங்கி, யன்னலடிக்குக் கொண்டுபோனாள். இருட்டாக இருந்த அந்த இடத்தில் விரலை வைக்காமல், விரலை அதற்கு மேலே பிடித்தபடி நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோல், "இப்ப கொஞ்சம் தெரியுது" என்றாள்.

நானும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அந்தத் தாளில் கறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.